உங்கள் நட்சத்திரத்தைப் பார்த்ததுண்டா?



கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் பேர், ராசி, நட்சத்திரம் கேட்பார். யாரும் தடுமாறுவதில்லை. பேரப்பிள்ளைகள் வரை பத்துப் பேருடைய நட்சத்திரத்தையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கும் பாட்டிமார் ஈப்போவை அடுத்த நம் சிம்பாங் பூலாயில் வீதிக்கு ஒருவராவது இருப்பார்கள். அடையாள அட்டை எண்ணை மறந்தாலும் மறப்போம், நட்சத்திரத்தை மறக்க மாட்டோம். சரி, "உங்கள் நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று யாராவது கேட்டால்?

இந்த இதழைத் தயாரிக்கும்போது தெரிந்தவர்கள் பலரிடம் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலானோர் சிரித்தார்கள். அப்படி ஒன்று மேலே நிஜமாகவே மின்னிக்கொண்டிருக்கிறது என்று தாம் நினைத்ததே இல்லை என்றார் ஒருவர். நல்ல படிப்பாளி அவர்.

ஆகஸ்ட் இதழை விண்வெளிக்கென ஒதுக்கலாம் என்று முடிவு செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்முனைப் பகுதிக்கு அருகே இறங்கியது. அந்த நாளை இந்தியா தேசிய விண்வெளி நாளாகக் கொண்டாடுகிறது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று இங்கே நாமும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். அதில் தவறில்லை. ஆனால் ராக்கெட்டுக்குக் கைதட்டுவது வேறு, வானத்தைப் பார்ப்பது வேறு. இந்தப் பக்கத்தில் நான் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி சென்ற மாதம் எழுதிய கடிதம் மேசையில் இருக்கிறது. ஒரே ஒரு கேள்விதான். "ஐயா, தைப்பூசத்துக்கு மட்டும் ஏன் தவறாமல் முழு நிலா வருகிறது?" பெரியவர்கள் கேட்க மறந்த கேள்வி இது. விடையைச் சொல்லிவிட்டால் பாதி வானியலைச் சொல்லி முடித்த மாதிரி.

நிலவு பூமியைச் சுற்றி வருகிறது. பின்னணியில் உள்ள விண்மீன்களை வைத்துப் பார்த்தால், ஒரு சுற்றை முடிக்க அதற்கு 27 நாளும் ஏறக்குறைய எட்டு மணி நேரமும் ஆகும். ஆகவே நேற்று இரவு ஒரு விண்மீனுக்குப் பக்கத்தில் நின்ற நிலவு, இன்று அதே நேரத்தில் ஏறக்குறைய 13 பாகை கிழக்கே தள்ளி நிற்கும். கையை நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஒரு முட்டியும் இன்னும் கொஞ்சமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் முன்னோர் நிலவின் பாதையை அஸ்வினி முதல் ரேவதி வரை 27 ஆகப் பிரித்தது இதனால்தான். நாளுக்கு ஒரு நட்சத்திரம். நீங்கள் பிறந்த நேரத்தில் நிலவு எந்தப் பிரிவில் நின்றதோ, அதுவே உங்கள் நட்சத்திரம்.

இனிச் சூரியனைக் கூட்டிக்கொள்வோம். பூமியிலிருந்து பார்க்க, நிலவு சூரியனுக்கு நேர் எதிரே வரும்போதுதான் அதன் ஒளிபட்ட முகம் முழுவதும் நமக்குத் தெரியும். அது பௌர்ணமி. தை மாதத்தில் சூரியன் மகரத்தில் இருக்கிறது. மகரத்துக்கு நேர் எதிரே இருப்பது கடகம். பூசம் கடகத்தில் உள்ளது. ஆகவே தையில் வரும் முழு நிலா பூசத்தை ஒட்டித்தான் வந்தாக வேண்டும், அதற்கு வேறு வழியில்லை. சூரியன் ஒரு ராசி நகர்ந்ததும் எதிர்ப்பக்கமும் ஒரு ராசி நகர்கிறது. மாசி மகம், பங்குனி உத்திரம், சித்திரையில் சித்திரை, வைகாசி விசாகம், கார்த்திகையில் கார்த்திகை என்று வரிசையாக வருவதெல்லாம் இந்த ஒரே கணக்கு. இன்னொரு நுணுக்கமும் உண்டு, பாப்பா. நிலவு மறுபடி பூசத்துக்கு வர 27 நாள் சொச்சம் போதும். ஆனால் அதற்குள் சூரியன் நகர்ந்துவிட்டதால், மறுபடி முழு நிலாவாக இன்னும் இரண்டு நாள் ஓட வேண்டியிருக்கிறது. அதனால்தான் பௌர்ணமிக்கும் பௌர்ணமிக்கும் இடையில் இருபத்தொன்பதரை நாள். சில வருடங்களில் பூசமும் பௌர்ணமியும் அரை நாள், ஒரு நாள் தள்ளிப்போவது ஏன் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. ஈப்போ குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடிகள் வரும் அந்த இரவில், வானத்தில் பூசத்தைத் தேடினால் கிடைக்காது. கடகத்தில் உள்ள பூசத்து விண்மீன்கள் மங்கலானவை. முழு நிலவின் ஒளி அவற்றை அடித்துவிடும். பூசத்தைப் பார்க்க ஆசையிருந்தால் தைப்பூசம் கழிந்து ஒரு வாரம் பொறுங்கள். அப்போது நிலவு நள்ளிரவை ஒட்டித்தான் உதிக்கும், முன்னிரவு இருட்டாக இருக்கும். அந்த விண்மீன்களுக்கு நடுவே வெறுங்கண்ணுக்கு ஒரு புகைத்திட்டு மாதிரி தெரிவதைக் கலிலியோ தன் தொலைநோக்கியால் பார்த்து, அது நாற்பதுக்கு மேற்பட்ட விண்மீன்களின் கூட்டம் என்று 1610ல் எழுதினார். சுமாரான பைனாகுலர் இருந்தால் உங்களுக்கும் தெரியும். தூரம் ஏறக்குறைய 600 ஒளியாண்டு.

ஒளியாண்டு என்றால் காலம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தூரம். ஒளி ஓராண்டில் ஓடும் தூரம், ஏறக்குறைய 9.5 டிரில்லியன் கிலோமீட்டர். நிலவிலிருந்து ஒளி நம்மிடம் வர 1.3 விநாடி, சூரியனிலிருந்து எட்டு நிமிடம் இருபது விநாடி. ரோகிணி நட்சத்திரக்காரர்களே, உங்கள் விண்மீன் செம்மஞ்சளாக மின்னுவது. இன்று உங்கள் கண்ணில் படும் அதன் ஒளி, மெர்டேக்காவுக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளில் அங்கிருந்து கிளம்பியது. கார்த்திகைக் கூட்டத்தின் ஒளி சுமார் 440 ஆண்டுப் பழசு. அது கிளம்பியபோது மலாக்காவில் போர்த்துகீசியர் ஆட்சி. திருவாதிரையின் ஒளி அதற்கும் முந்தியது. அந்தத் திருவாதிரை ஒரு சிவப்பு அரக்கன். நம் சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். 2019 கடைசியில் அது சட்டென்று மங்கியபோது வெடிக்கப் போகிறதோ என்று உலகமே அண்ணாந்து பார்த்தது. கடைசியில் அது தானே கக்கிய தூசி மறைத்த கதைதான். ஒருநாள் வெடிக்கத்தான் போகிறது. அந்த ஒருநாள் ஒரு லட்சம் ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம், ஆகவே திருவாதிரைக்காரர்கள் இன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்த மாதமே பார்க்கக்கூடியவை உண்டு. ஆகஸ்ட் நடுவில் இரவு எட்டரை மணிக்கு வெளியே வாருங்கள். தெற்கே, கணிசமான உயரத்தில், ஒரு தேள் கொடுக்கைத் தூக்கியபடி தெரியும். விருச்சிகம். பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. அதன் நெஞ்சில் சிவப்பாக இருப்பது கேட்டை, தலைப்பக்கம் அனுஷம், வால் நுனியில் மூலம். அங்கிருந்து மேற்கே பார்வையை ஓட்டினால் வெளிறிய விசாகம், அதற்கும் கீழே வெள்ளையாகச் சித்திரை. வடமேற்கில் பளிச்சென்று செம்மஞ்சளாகத் தனியே நிற்பது சுவாதி. ஒரே பார்வையில் ஆறு நட்சத்திரக்காரர்களுக்கு முகவரி கிடைத்துவிட்டது.

வடமேற்கில் இன்னும் கொஞ்சம் தாழ்வாக ஏழு விண்மீன் கொண்ட சப்தரிஷி மண்டலம் சாய்ந்து கிடக்கும். அதன் வாலில் நடு விண்மீன் வசிஷ்டர். உற்றுப் பார்த்தால் அதை ஒட்டிச் சின்னதாக இன்னொன்று. அதுதான் அருந்ததி. நம் திருமணங்களில் அம்மி மிதித்து அருந்ததி காட்டுவது பகல் பத்து மணிக்கு, மண்டபத்துக்குள். ஐயர் மின்விசிறி இருக்கும் திசையில் கையை நீட்டுவார், மணமக்களும் பவ்யமாகத் தலையாட்டுவார்கள். இந்த இதழைப் படிக்கும் புதுமணத் தம்பதிகள் யாராவது இருந்தால், அந்தப் பாக்கியை இந்த மாதம் தீர்த்துவிடலாம்.

நாம் குடியிருக்கும் இடமும் வானம் பார்க்கத் தோதானது. சிம்பாங் பூலாய் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நாலரைப் பாகையில் இருக்கிறது. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குத் தெற்கு வானத்தின் கணிசமான பகுதி வாழ்நாள் முழுக்கத் தெரியாது. ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் இருப்பவர்களுக்குச் சப்தரிஷி மண்டலம் கிடையாது. நமக்கு மே மாத இரவுகளில் ஒன்பது, பத்து மணிக்கு வடக்கே சப்தரிஷியும் தெற்கே சிலுவை மண்டலமும் ஒரே நேரத்தில் தெரியும். ஜனவரிக் கடைசியில் இரவு பத்து மணிக்கு மேல் திருவாதிரை கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். ஒரே குறை துருவ நட்சத்திரம். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் தெரியும். சென்னையில் அது 13 பாகை. நமக்கு நாலரைதான். மலை, மரம், மேகம், ஈப்போ நகர வெளிச்சம் என்று ஏதாவது ஒன்று அதை மறைத்துவிடுகிறது.

சூரியன் விஷயத்திலும் நமக்கு ஒரு சலுகை உண்டு. வருடத்தில் இரண்டு நாள், ஏறக்குறைய ஏப்ரல் 1, செப்டம்பர் 11, நம் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்டு வைத்த கம்புக்கு அந்தச் சமயத்தில் நிழலே இருக்காது. ஆனால் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஏப்ரலில் அது நடப்பது 1.20 மணிக்கு, செப்டம்பரில் 1.12க்கு. கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி. மலேசிய நேரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது, நாமோ 101 பாகையில் இருக்கிறோம். பூமி ஒரு பாகை திரும்ப நாலு நிமிடம். பத்தொன்பது பாகைக்கு எழுபத்தாறு நிமிடம்.

இப்படி ஆனதற்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. ஜப்பானியர் ஆண்ட காலத்தில் மலாயாவின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டன. அந்த நாட்களில் நம் ஊரில் உச்சிவேளை இரண்டேகால் மணியைத் தொட்டிருக்கும். போருக்குப் பிறகு தீபகற்பம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முந்திய நேரத்துக்குத் திரும்பியது. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டும் என்று 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணியை நள்ளிரவாக்கி, 1982லிருந்து இன்றைய நேரத்துக்கு வந்தோம். இங்கே ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது என்று ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் ஆச்சரியப்படுவதற்குக் காரணம் இதுதான். சூரியன் சோம்பேறி இல்லை.

பஞ்சாங்கம் பற்றிச் சொல்லாமல் போனால் வாசகர்கள் விடமாட்டீர்கள். பஞ்சாங்கத்தைக் கேலி செய்வது எனக்கு உடன்பாடில்லை. அடிப்படையில் அது வானத்தைக் கவனித்து எழுதிய கணக்கு. ஏழரைச் சனியையே எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கோள் சூரியனைச் சுற்ற இருபத்தொன்பதரை ஆண்டு ஆகும். பன்னிரண்டு ராசிக்கு அதைப் பங்கிட்டால் ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. மூன்று ராசியைக் கடக்க ஏழரை ஆண்டு. பலன்கள் எப்படியோ, அந்த எண் வானத்திலிருந்து வந்த எண். எனக்கு உள்ள வருத்தம், கவனிக்கும் வேலையை நாம் பாதியில் நிறுத்திவிட்டோம் என்பதுதான். சனி மீனத்துக்குப் பெயர்வது 2025 மார்ச் 29 என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். 2026 மார்ச் 6 என்றது வாக்கியப் பஞ்சாங்கம். ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம். எது சரி என்று காரசாரமாக விவாதித்தவர்களில் எத்தனை பேர் வெளியே வந்து சனி எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள்?

பார்த்த ஒருவர் இருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி, சென்னை வானாய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். பஞ்சாங்கக் கணிதமும் தெரியும், தொலைநோக்கியும் தெரியும். 1867ல் தெற்கு வானத்தில், ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தார். பழைய வாய்பாடுகளை நம்பிக்கொண்டிராமல் கண்ணால் கண்ட நிலைகளோடு ஒத்துப்போகும்படி பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதாடி, திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். 1874ல் வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் கடந்தபோது, அது என்ன, எப்படிப் பார்ப்பது என்று பொதுமக்களுக்காகச் சிறுநூல் எழுதினார். நம் பாடப்புத்தகங்களில் இவருக்கு ஒரு பக்கம் கொடுத்திருக்கலாம்.

சித்திரை முதல் நாள் பற்றியும் ஒரு சொல். அன்று சூரியன் மேஷத்தில் நுழைகிறது என்கிறோம். பகலும் இரவும் சமமாகும் நாளோடு அந்த நுழைவு பொருந்தியிருந்த காலம் ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்னால். இன்று சமநாள் மார்ச் 20ஐ ஒட்டி வந்துவிடுகிறது, நம் சித்திரையோ ஏப்ரல் 14. பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டுவது போல, 26,000 ஆண்டுக்கு ஒருமுறை வட்டமடிக்கிறது. சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை. சேர்ந்து சேர்ந்து 24 பாகை ஆகிவிட்டது.

வானத்தை வேலையாகவே பார்த்தவர்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது வெயில் ஏறுவதற்கு முன்புதான். அதனால் தோட்டத்தில் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போக வேண்டும், பிறகு வெட்டுக்காடு. அந்த நடையில் கிழக்கே விடிவெள்ளி நின்றால் அது நேரம் சொல்லும் துணை. விடிவெள்ளி சில மாதங்கள் காலையில் தெரிந்து, காணாமல் போய், பிறகு அந்தியில் மேற்கே தலைகாட்டும். இந்தச் சுற்றுக்கு 584 நாள். ஐந்து சுற்று சேர்ந்தால் எட்டு ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள்தான் குறைவு. அதாவது எட்டு வருடத்துக்கு முன் இதே தேதியில் வெள்ளி எங்கே நின்றதோ, அநேகமாக அங்கேயே இன்றும் நிற்கும். வீட்டில் பழைய தோட்டத்து மனிதர்கள் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். வானியல் என்ற சொல்லைச் சொல்லாதீர்கள், மிரண்டுவிடுவார்கள். விடிகாலையில் என்னென்ன பார்த்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

இப்போது நம் மலைகளுக்கு வருகிறேன். கோப்பேங் சாலையில் போகும்போது இரண்டு பக்கமும் நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகளை நாம் தினமும் பார்த்துப் பார்த்துப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். லாரிகள் அதை உடைத்து ஏற்றிக்கொண்டு போகும்போது தூசிக்காகச் சலித்துக்கொள்வதோடு சரி. அந்தக் கல் கடலில் உருவானது. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல்லுக்கு ஏறக்குறைய 400 முதல் 250 மில்லியன் ஆண்டு வயது. அன்றைய கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகிய கல் அது.

அந்தக் காலத்துக் கடலில் ஒரு வருடத்துக்கு எத்தனை நாள் என்று நினைக்கிறீர்கள்? ஏறக்குறைய 400. எப்படித் தெரியும் என்பதுதான் சுவையான பகுதி. பவளப் பூச்சிகள் நாளுக்கு ஒரு மெல்லிய சுண்ணாம்பு வரி போட்டு வளரும். பருவம் மாறும்போது வரிகளின் அடர்த்தி மாறும். 1963ல் ஜான் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், நம் மலைகளின் பழைய பகுதிக்குச் சமகாலத்தில் வாழ்ந்த பவளங்களின் புதைபடிவங்களை எடுத்து, ஓராண்டு வளர்ச்சிக்குள் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணினார். நானூறு சொச்சம் வந்தது. பூமி சூரியனைச் சுற்றும் காலம் அப்படியொன்றும் மாறவில்லை. அப்படியென்றால் நாள்தான் சின்னதாக இருந்திருக்கிறது, ஏறக்குறைய 22 மணி நேரம்.

நாளை நீட்டியது நிலவு. அதன் ஈர்ப்பு கடலை இழுத்து ஓதம் எழுப்புகிறது. அந்த ஓத உராய்வு பூமியின் சுழற்சிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடை போடுகிறது. பூமி இழந்த சுழற்சியை வாங்கிக்கொண்டு நிலவு விலகிப் போகிறது. எவ்வளவு தூரம் என்பதற்கும் அளவு உண்டு. 1969ல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் ஒரு பிரதிபலிப்பானை வைத்துவிட்டு வந்தார்கள். இங்கிருந்து லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர். பவளத்தின் வரியும் லேசர் கதிரும் ஒரே கதையைச் சொல்கின்றன என்பதை முதன்முதலில் படித்த நாளிலிருந்து எனக்கு இந்தச் சாலை வேறு மாதிரி தெரிகிறது. கேமரன் மலைக்குத் திரும்பும் அந்தச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது எதிரே உள்ள மலையைப் பாருங்கள். அது படியத் தொடங்கிய காலத்தில் நிலவு இன்றைவிடப் பக்கத்தில் இருந்தது.

கிந்தாவை ஊராக்கிய ஈயமும் வானத்துச் சரக்குதான். இரும்பைவிடக் கனமான தனிமங்களை நம் சூரியனைப் போன்ற விண்மீன் தன் சாதாரண எரிதலில் ஆக்க முடியாது. வெள்ளீயத்தின் பெரும்பங்கு, வயதாகிப் பெருத்த விண்மீன்களின் உள்ளே நியூட்ரான்கள் ஒவ்வொன்றாக அணுக்கருவில் சேர்ந்து உருவானது. பிறகு அது விண்வெளியில் சிதறி, பூமி உருண்டு திரண்டபோது அதோடு கலந்தது. நம் பாட்டன்மார் காலத்து ஈயக்குட்டைகளின் அடியில் கிடந்தது அதுவே.

பேராக்கில் வானம் நேரடியாகவே இடித்த இடமும் உண்டு. வடக்கே லெங்கோங் பள்ளத்தாக்கின் புக்கிட் புனோவில், விண்கல் மோதியதால் உருகி இறுகிய பாறையை மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். வயது 1.83 மில்லியன் ஆண்டு என்று கணித்தார்கள். அந்தப் பாறைக்குள் கல்லாயுதங்களும் சிக்கியிருந்தன. லெங்கோங் 2012ல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது. பள்ளி விடுமுறையில் கேமரனுக்கே எத்தனை முறைதான் போவது?

விண்வெளித் துறையில் நம் நாட்டுக் கதை சுருக்கமானது. 2007 அக்டோபர் 10 அன்று ஷேக் முஸாபார் ஷுகோர் பைக்கோனூரிலிருந்து சோயுஸில் கிளம்பி விண்வெளி நிலையம் சென்று திரும்பினார். 2009ல் ரசாக்சாட் துணைக்கோள் நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில் ஏவப்பட்டது. அந்தப் பாதையில் போனால் நம் தலைக்கு மேல் அடிக்கடி வரலாம் என்பது கணக்கு. இவையெல்லாம் செய்தியில் வந்தவை. செய்தியில் வராத ஒன்று உங்கள் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டைப் பாருங்கள், அது வானத்தை நோக்கி மல்லாந்திருக்கும். குளிர்நாடுகளில் இதே தட்டுகள் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். நம் தட்டு நோக்கும் மீசாட் துணைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல், 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பது போல் இருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அது நமக்கு உச்சிக்குச் சற்று மேற்கே, வெகு உயரத்தில் இருக்கிறது. மழை பெய்தால் படம் போவதற்கு மட்டும் என்னிடம் பரிகாரம் இல்லை.

தொடங்க என்ன வாங்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு மொத்தமாக ஒரு பதில். முதலில் எதுவும் வேண்டாம். இரண்டு மூன்று மாதம் வெறுங்கண்ணால் நிலவைத் தொடர்ந்து, அது இன்று எந்த விண்மீனுக்குப் பக்கத்தில் என்று நாட்காட்டியில் குறித்துவாருங்கள். பிறகு ஆசை தங்கினால் 7×50 அல்லது 10×50 பைனாகுலர். நிலவின் பள்ளங்களும் வியாழனின் நாலு துணைக்கோள்களும் அதிலேயே தெரியும். பேரங்காடியில் விற்கும் மலிவுத் தொலைநோக்கியில் பணத்தைப் போடாதீர்கள், ஆட்டம் காணும் முக்காலியே ஆசையைக் கொன்றுவிடும். சூரியனை மட்டும் எதைக்கொண்டும் நேராகப் பார்க்கக் கூடாது, பழைய எக்ஸ்ரே படத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கிரகணத்தன்று மரத்தடியில் நில்லுங்கள், இலை இடுக்குகள் தரையில் நூறு பிறைகளை வரைந்து காட்டும். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தன்று கோவை, திண்டுக்கல், யாழ்ப்பாணம் வழியாக வந்த நிலவின் நிழல் ஒன்றரை மணி நேரத்தில் ஜொகூர் தஞ்சோங் பியாயைத் தொட்டது. கப்பலில் வந்த நம் ஆட்களுக்கு அந்தப் பயணத்துக்கு எத்தனை நாள் பிடித்தது என்பது உங்களுக்கே தெரியும். அடுத்து 2031 மே 21, தென்னிந்தியா, இலங்கை, மலேசியா என்று இன்னொரு கங்கண கிரகணம் வருகிறது.

அதுவரை காத்திருக்க வேண்டாம். வரும் செப்டம்பர் 11க்கு ஒரு வேலை தருகிறேன். இது 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரடோஸ்தனிஸ் செய்த வேலை. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கம்பைச் சமதரையில் செங்குத்தாக நடுங்கள். கம்பு சாயாமல் இருக்கிறதா என்று தூக்குக் குண்டு கட்டிப் பாருங்கள். சிம்பாங் பூலாய், ஈப்போ வாசகர்கள் மதியம் 1 மணியிலிருந்து 1.25 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறியுங்கள். ஜொகூர் பாரு வாசகர்களுக்கு உச்சிவேளை பத்து நிமிடம் முந்தி வரும், ஆகவே 12.50க்கே தொடங்கிவிடுங்கள். மிகக் குறுகிய நிழலின் நீளம்தான் வேண்டும். நமக்கு நிழல் கிட்டத்தட்ட இருக்காது. அவர்களுக்கு ஐந்தரை சென்டிமீட்டரை ஒட்டி வரும். அது சுமார் மூன்று பாகைக் கோணம். இரண்டு ஊருக்கும் வடக்குத் தெற்காக உள்ள தூரம் ஏறக்குறைய 340 கிலோமீட்டர். மூன்று பாகைக்கு இவ்வளவு என்றால் 360 பாகைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பெருக்கினால் பூமியின் சுற்றளவு கிடைக்க வேண்டும்.

அன்று மழை கொட்டினால் கவலையில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் செய்யலாம். இரண்டு ஊரிலும் நிழல் இருக்கும். ஒரே நாளில் அளந்த நிழல்கள் எதிரெதிர்த் திசையில் விழுந்தால் இரண்டு கோணங்களையும் கூட்டுங்கள், ஒரே திசையில் விழுந்தால் கழியுங்கள், விடை மாறாது. தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியர்கள் பிள்ளைகளை வைத்துச் செய்தால் இன்னும் நல்லது. ஊர்ப் பெயர், தேதி, நேரம், கம்பின் நீளம், நிழலின் நீளம் ஆகிய ஐந்தையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிச் செப்டம்பர் மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள். வந்த அளவுகள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, நம் வாசகர்கள் அளந்த பூமியின் சுற்றளவை நவம்பர் இதழில் போடுகிறேன். 40,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறோம், பார்ப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்
சிம்பாங் பூலாய்